டிக்கெட் காசு யாருக்கு? பாரம்பரியக் கிராமச் சுற்றுலாவில் மூன்று வழிகள்

பழைய வீடுகளைப் பார்க்கக் கூட்டம் வரும் கிராமத்தில் காசு புழங்கத்தான் செய்யும். அதில் ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பது, ஆரம்பத்திலேயே நிர்வாகம் யாரிடம் போனது என்பதைப் பொறுத்தது.

இதைப் புரிந்துகொள்ளச் சீனாவின் ஆன்ஹுய் மாகாணத்துக்குப் போகலாம். ஷீடி, ஹோங்சுன் இரண்டும் ஒரே வட்டாரத்துக் கிராமங்கள். இரண்டிலும் மிங், சிங் அரச வம்சங்களின் காலத்து வீடுகள். 2000-ல் இரண்டும் சேர்ந்தே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. ஆனால் ஹோங்சுன் 1997-லேயே பெய்ஜிங் நிறுவனம் ஒன்றின் கைக்கு 30 ஆண்டு ஒப்பந்தத்தில் போய்விட்டது. ஷீடியில் 1980-களிலிருந்தே ஊர்க்காரர்கள் தாங்களே டிக்கெட் விற்றார்கள். பிறகு ஊருக்கென்றே ஒரு சுற்றுலா நிறுவனமும் வைத்துக்கொண்டார்கள்.

கூட்டம் சேர்ப்பதில் ஜெயித்தது வெளி நிறுவனம்தான். முதலீடும் விளம்பரமும் கைவசம் இருந்ததால் பின்னால் தொடங்கிய ஹோங்சுன், ஷீடியை முந்திவிட்டது. இதை மறைத்துவிட்டு 'ஊர் நிர்வாகமே உசத்தி' என்று பேசுவது நேர்மையாகாது. ஆனால் ஹோங்சுன்காரர்களின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. பயணி பார்க்க வருவது அவர்கள் வீட்டு முற்றத்தை; டிக்கெட் வருமானத்தில் பெரும்பங்கு போனதோ நிறுவனத்துக்கு. பங்கு போதாது என்று பல ஆண்டுகள் புகாரும் வழக்குமாக அலைந்தார்கள். ஷீடியில் லாபத்தைப் பிரித்த விதம் வேறு: ஆள் கணக்கில் ஒரு பங்கு, பழைய வீட்டின் பரப்பளவைப் பார்த்து இன்னொரு பங்கு. இந்த இரண்டாவது பங்கு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஒழுகும் கூரையை மாற்றுகிறவர் வீட்டுக்காரர்; பழைய வீட்டை இடிக்காமல் வைத்திருப்பதற்கு அவருக்கு ஒரு காரணம் வேண்டும் அல்லவா?

ஜப்பானின் ஷிராகவா-கோ இன்னும் ஒரு படி மேலே போனது. அங்குள்ள ஓகிமாச்சி கிராம மக்கள் 1971-லேயே சங்கம் அமைத்து, வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது 1995-ல். அதாவது கூட்டம் பெருகுவதற்கு முன்பே ஊர்க் கட்டுப்பாடு வந்துவிட்டது. அந்த வீடுகளின் செங்குத்தான புல் கூரையைச் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். ஊரே திரண்டு வந்து கூரைமேல் வரிசையாக ஏறி நின்று வேய்கிற 'யுய்' வழக்கம் இன்னும் இருக்கிறது. வாகன நிறுத்தக் கட்டணத்தில் ஒரு பகுதி பாதுகாப்புப் பணிக்குப் போகிறது. குறை இல்லாமலா? வருபவர்களில் பெரும்பாலோர் பகலில் வந்து படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இரவு தங்கினால்தான் வீடுகளுக்கு வருமானம்.

மூன்றாவது வழி, ஊரே காலியாகிவிட்ட இடங்களுக்கானது. இத்தாலியில் 1976 ஃப்ரியூலி நிலநடுக்கத்துக்குப் பிறகு கைவிடப்பட்ட வீடுகளை என்ன செய்வது என்ற யோசனையில் பிறந்தது 'சிதறிய ஹோட்டல்': வரவேற்பறை ஒரு வீட்டில், படுக்கையறைகள் தெருவில் ஆங்காங்கே. அப்ருட்ஸோ வட்டார மலைப்பகுதியில் சுமார் நூறு பேர் மட்டுமே வாழும் சாண்டோ ஸ்டெஃபானோ டி செஸ்ஸானியோ என்ற கிராமத்தில் ஒரு முதலீட்டாளர் இதைச் செய்துகாட்டினார். புதுக் கட்டடம் எழும்பக் கூடாது என்று ஊராட்சியோடு உடன்பாடும் போட்டார். சுவரும் தெருவும் பிழைத்தன. ஆனால் சொத்து ஒருவர் கையில். ஊர்க்காரர்களுக்குக் கிடைப்பது வேலையும் கடை வியாபாரமும்.

என் தேர்வு: ஆட்கள் வாழ்கிற ஊருக்கு ஷீடியின் பங்கீட்டையும் ஓகிமாச்சியின் முன்கட்டுப்பாட்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். பாதி வீடுகளுக்கு மேல் பூட்டிக்கிடந்தால் இத்தாலிய வழிதான் சரி. வெளி நிறுவனம் இல்லாமல் முடியாது என்கிற நிலை வந்தால், ஒப்பந்தத்தை ஐந்தாறு ஆண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஊர்ப் பங்கை லாபத்தில் கேட்காமல் மொத்த டிக்கெட் வசூலில் கேட்க வேண்டும். செலவுக் கணக்கு எழுதுவது நிறுவனம்தானே.