ஏசி, பிரிட்ஜ் வேலைக்கு எது தோது: பையா, பெட்டியா, வாளியா?

குளிர் நாடுகளில் ஹீற்றர் சர்வீஸ் செய்பவர்களுக்கென்று எழுதப்படும் ரூல்ஸ் (வேலைக் கருவிகள்) பை விமர்சனங்களை வைத்துக்கொண்டு இலங்கையின் வன்னியில் பை வாங்க முடியாது. அங்கே வாசலில் ஒரு வான் நிற்கும். பை வானில் இருந்து வீட்டுக்குள் போய் வந்தால் போதும். இங்கே ஏசி, பிரிட்ஜ் திருத்துகிற பெரும்பாலானவருக்கு வாகனம் மோட்டார் சைக்கிள்தான். கிளிநொச்சியில் இருப்பவருக்கு முல்லைத்தீவில் இருந்து அழைப்பு வந்தால், பரந்தனில் திரும்பிய பிறகு ஏ35 வீதியில் மட்டும் 50 கிலோமீற்றர் அளவு ஓட வேண்டும். பெரிய வீதியில் பிரச்சினை இல்லை. வீடு இருக்கிற கடைசி ஒழுங்கையின் கிரவலும் குழியும்தான் ரூல்ஸைக் கெடுக்கின்றன. சோளகம் வீசுகிற மாதங்களில் புழுதி, மாரியில் சேறு, முல்லைத்தீவுக் கரையில் உப்புக் காற்று. இந்த மூன்றையும் தாங்குகிறதா என்பதுதான் முதல் கேள்வி. எத்தனை பொக்கற் இருக்கிறது என்பது பிறகு.

தெரிவுக்கு முன் சுமையைப் பார்க்க வேண்டும். ஹோஸ் மூன்றோடு கேஸ் அழுத்தம் பார்க்கிற கேஜ் செற், கரண்ட் அளக்கிற கிளாம்ப் மீற்றர், குழாய் வாயை விரிக்கிற பிளேரிங் செற், குழாய் கட்டர், இரண்டு சரிசெய்யும் ஸ்பனர், 4, 5 மில்லிமீற்றர் அலன் கீ, ஸ்குரூ டிரைவர்கள், குறடு இரண்டு, ஒட்டுகிற ரேப், சில கப்பாசிற்றர். இவ்வளவும் 8 முதல் 10 கிலோவுக்குள் அடங்கும். குழாயில் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுக்கிற வக்கும் பம் தனிக் கதை. சாதாரணச் சிறியதே 5 கிலோ அளவு வரும், அதோடு நிமிர்ந்துதான் நிற்க வேண்டும். சரித்துப் படுக்க வைத்தால் எண்ணெய் காற்றுப்போக்கி வழியே வடிந்து, கூட இருக்கும் எல்லாவற்றையும் நனைக்கும். ஏசி கழுவுகிற சர்வீசுக்குப் போனால் பிரஷர் பம், யூனிற்றைச் சுற்றிக் கட்டுகிற கவர், தூரிகை என்று ஈரச் சாமான் இன்னொரு கட்டு. ஒரே பைக்குள் இவை எல்லாவற்றையும் அடைக்க நினைக்கும்போதுதான் தெரிவு பிழைக்கத் தொடங்குகிறது.

பிளாஸ்டிக் பெட்டி

கிளிநொச்சி, வவுனியா கடைகளில் முதலில் கண்ணில் படுவது 18, 20 அங்குலப் பிளாஸ்டிக் பெட்டி. மேல் தட்டில் சின்னச் சாமான், கீழே ஸ்பனர். கடைக்குள் மேசையில் வைத்து வேலை செய்பவருக்கு இதைவிட நல்லது இல்லை. கழுவலாம், துடைக்கலாம், ஈர நிலத்தில் வைக்கலாம்.

மோட்டார் சைக்கிளில் ஏற்றியதும் குறை தெரியும். கரியரில் இறப்பர் நாடாவால் இறுக்கிக் கட்டினால் மூடி நடுவில் வளையும். வளைந்த இடைவெளியால் புழுதி உள்ளே போகும். மெல்லக் கட்டினால் பெட்டி துள்ளும். துள்ளும்போது உள்ளே இருக்கிற ஸ்பனர் கேஜ் கண்ணாடியில் அடிக்கும். கண்ணாடி உடையாவிட்டாலும் ஊசி பூச்சியத்தில் இருந்து நகர்ந்துவிடும். அதைக் கவனிக்காமல் வாசித்தால் கேஸ் அளவும் பிழைக்கும். வெயிலில் நாளெல்லாம் நிற்கும் பெட்டியின் கொழுவிகள் நொறுங்குவதும் வழக்கம். பெட்டியின் உடல் தப்பும், முதலில் போவது கொழுவிதான். ஓட்டோவில் போகிறவர் இதை வாங்கலாம், உலோகக் கொழுவி உள்ளதாகப் பார்த்து. பைக்கில் போகிறவருக்கு வேண்டாம்.

வாய் அகன்ற துணிப் பை

வாயில் கம்பிச் சட்டம், அடியில் வார்த்த இறப்பர், சுற்றிலும் பொக்கற். 16 அங்குல அளவு கேஜ் செற்றுக்குப் போதும். இதன் பெரிய பலம், திறந்தவுடன் எல்லாம் தெரிவது. வேலை முடிந்து கிளம்பும்போது ஒரு பார்வையில் எது குறைகிறது என்று பிடித்துவிடலாம். விசுவமடுவில் விட்டுவந்த அலன் கீயை ஒட்டுசுட்டானில் தேடுகிறவருக்கு இதன் அருமை தெரியும். பக்கத்தில் கடை இருக்கிற நகரத்துக்காரருக்கு இது சின்ன விஷயமாகப் படலாம்.

அடிப்பாகத்தைத் தடவிப் பாருங்கள். இறப்பர் அடி பக்கச் சுவரில் குறைந்தது 5 சென்ரிமீற்றர் உயரம் ஏறியிருக்க வேண்டும். துணியால் தைத்த அடி, உள் யூனிற்றுக்குக் கீழே சிந்திய தண்ணீரை உறிஞ்சி இரவு முழுக்க ரூல்ஸுக்குக் கொடுக்கும். குழாய் கட்டரின் சில்லு முதலில் துருப்பிடிக்கும். துணியில் 600 டெனியர் (நூலின் பருமன் அளவு) என்றிருந்தால் அது மெல்லியது. 1680 டெனியர் கனமானது, மூலைகள் தேயாது.

சிப்தான் இதன் பலவீனம். செம்மண் புழுதி பல்லுக்குள் ஏறினால் சிப்பின் ஓடி இழுபடாது, இழுத்தால் பல் கழன்றுவிடும். எண்ணெய் விடுவது பெரிய பிழை: எண்ணெய் புழுதியைப் பிடித்து அரைக்கும் பசையாக்கிவிடும். காய்ந்த பல் துலக்கும் தூரிகையால் தட்டிவிட்டு, மெழுகுதிரியை மேலும் கீழும் உரசினால் போதும். வெளிப்பக்கப் பொக்கற்றுகளுக்கு மூடி இல்லை. ஓடும்போது அவை புழுதிக் கிண்ணங்கள். அங்கே ஸ்குரூ டிரைவர் வைக்கலாம், மீற்றர் வைக்கக் கூடாது.

தோளில் போட்டு ஏணி ஏறினால் பை ஒரு பக்கம் இழுக்கும். இரண்டாம் மாடியில் வெளி யூனிற் மாட்டியிருக்கிற வங்கி, வைத்தியசாலைக் கட்டடங்களில் இது உண்மையான ஆபத்து. அங்கே பையைக் கயிற்றில் கட்டி மேலே இழுப்பதே சரி.

முதுகுப் பை

ரூல்ஸுக்கென்று செய்த முதுகுப் பைகள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. விலை கூட. ஆனால் குலுக்கல் விஷயத்தில் இதற்கு நிகர் இல்லை: குழியில் விழுகிற அடியை ஆளின் முதுகும் காலும் வாங்கிக்கொள்வதால் கேஜ்ஜுக்கும் மீற்றருக்கும் அது எட்டாது. கரியர் வேறு சாமானுக்கு மிஞ்சும். ஏணியில் இரண்டு கையும் சும்மா இருக்கும்.

அடுக்குகிற முறையில் ஒரு கவனம் தேவை. முதுகை ஒட்டிய அறையில் கூரானது எதுவும் இருக்கக் கூடாது. கிரவலில் சறுக்கி மல்லாக்க விழுந்தால், முள்ளந்தண்டுக்கும் நிலத்துக்கும் நடுவில் இருப்பது அந்த அறைதான். சுருட்டிய ஹோஸ், துணி, இன்சுலேசன் குழாய் உள்பக்கம். ஸ்குரூ டிரைவர், வாள், வெட்டிய குழாய் வாயைச் சுரண்டுகிற ரீமர் வெளிப்பக்கம். பாரமான ஸ்பனர்கள் அடியில் அல்ல, இடுப்புக்குச் சற்று மேலே வந்தால் முதுகு இழுக்காது.

குறைகளும் உண்டு. சித்திரை வெயிலில் முதுகு முழுக்க நனையும். அந்த வியர்வை துணியூடாக உள்ளே போய்த் துருவாக வெளிவரும். முதுகுப் பக்கத்துக்கும் ரூல்ஸுக்கும் இடையில் ஒரு தடித்த பிளாஸ்டிக் தாளை வெட்டி வைத்துவிடலாம். 10 கிலோவுக்கு மேல் ஏற்றி மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவு வரை போய் இறங்குகிறவருக்கு, வேலை தொடங்க முன்பே தோள் களைத்திருக்கும். கையாளாகத் தம்பி ஒருவர் பின்னால் இருந்து வந்தால் பையை அவரிடம் கொடுக்கலாம். அவர் இல்லாத நாளில் முழுச் சுமையும் ஓட்டுகிறவருக்கு. இருட்டான அடி அறைக்குள் தேடுவதும் எரிச்சல். உட்புறம் கறுப்பாக இல்லாமல் மஞ்சள், செம்மஞ்சள் துணியில் வருகிறதை எடுத்தால் பாதித் தொல்லை குறையும்.

வெல்டிங் கடையில் செய்விக்கிற இரும்புப் பெட்டி

பூட்டுப் போடலாம் என்பதே இதன் பெருமை. மோட்டார் சைக்கிளை வைத்தியசாலை வாசலில் விட்டுவிட்டு உள்ளே மணிக்கணக்கில் வேலை செய்பவருக்கு அது சின்னப் பெருமை அல்ல. வக்கும் பம் நிமிர்ந்து நிற்க ஏற்ற இடமும் இதுதான்.

பாரத்தைக் கணக்குப் போடுங்கள். 1.2 மில்லிமீற்றர் தகட்டில் 40க்கு 30க்கு 30 சென்ரிமீற்றர் பெட்டி செய்தால் வெறும் தகடே 6 கிலோவைத் தாண்டும். பம்மையும் சேர்த்தால் கரியரில் 11 கிலோவுக்கு மேல். பின் சில்லுக்கும் பின்னால் அவ்வளவு பாரம் தொங்கினால் முன் சில்லு லேசாகி, மணலிலும் கிரவலிலும் ஹாண்டில் அலையும். நடுவில் ஒரு பெரிய பெட்டி வைப்பதைவிட, இரண்டு பக்கமும் சிறிய பெட்டி தாழ்வாகக் கொழுவுவது நல்லது: ஒரு பக்கம் வக்கும் பம், மறுபக்கம் கழுவுகிற பம்.

செய்விக்கும்போது சொல்ல வேண்டியவை: மூடி பக்கச் சுவரின் மேல் 2.5 சென்ரிமீற்றர் இறங்கி மூட வேண்டும், இல்லாவிட்டால் மாரி மழை உள்ளே. அடியில் 6 மில்லிமீற்றர் ஓட்டை நான்கு, தண்ணீர் தேங்காமல். உட்புறம் முழுக்கப் பழைய ரயர் ரியூப் வெட்டி ஒட்ட வேண்டும். பூட்டுவதற்கு 8 மில்லிமீற்றர் போல்ற் நான்கு, நைலோன் உள்ள நட்டோடு. சாதாரண நட் குலுக்கலில் கழன்று விழும். நேராகக் கரியரில் வெல்ட் பண்ண விடாதீர்கள். வெல்ட் ஓரத்தில்தான் கரியர் குழாய் வெடிக்கும். கடற்கரைப் பக்கம் ஓடுகிறவர் பெயின்றுக்கு முன் துரு தடுக்கும் பூச்சு இரண்டு தரம் அடிக்கச் சொல்ல வேண்டும்.

கேஜ் செற்றையும் மீற்றரையும் மட்டும் இதற்குள் போடாதீர்கள். ரியூப் ஒட்டினாலும் அடி அடிதான்.

கேஸ் சிலிண்டரையும் மறந்துபோய் இதற்குள் விட்டுவிடுகிறார்கள். திரும்ப நிரப்பாத கேஸ் ரின்களின் எச்சரிக்கையில் 52 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகக் கூடாது என்று இருக்கும். நண்பகல் வெயிலில் நிற்கும் கறுப்பு இரும்புப் பெட்டிக்குள் அந்த எல்லை தூரத்தில் இல்லை. ஏசிகளில் வருகிற ஆர் 32 கேஸ் 50 பாகையிலேயே 30 பாருக்கு மேல் அழுத்தம் காட்டும், தீப்பற்றக்கூடியதும்கூட. வீட்டு பிரிட்ஜ்களில் வருகிற ஆர் 600ஏ இன்னும் எளிதில் பற்றும். காற்றைவிடக் கனமானதால், கசிந்தால் பெட்டியின் அடியில் தேங்கி நிற்கும். கேஸ் ரின்னும் பற்றவைக்கிற ரோர்ச் ரின்னும் மூடிய பெட்டிக்குள்ளும் சிப் போட்ட பைக்குள்ளும் போகக் கூடாது. காற்றோட்டமுள்ள வலைப் பையில், நிமிர்த்தி, நிழல் பக்கமாகக் கட்டுங்கள். வீட்டுக்காரரின் மரநிழல் கிடைத்தால் இறங்கியதும் முதலில் அங்கே வையுங்கள்.

பெயின்ற் வாளி

சிரிக்க வேண்டாம். மூடியோடு கூடிய 20 லீற்றர் வாளி, கழுவுகிற சர்வீசுக்கு மேலே சொன்ன எல்லாவற்றையும்விடப் பொருந்தும். போகும்போது கவர், தூரிகை, ஹோஸ் சுமக்கும். போன இடத்தில் தண்ணீர் ஏந்தும். திரும்பும்போது ஈரச் சாமானைப் பூட்டி வைக்கும். ஈரக் கவரை ரூல்ஸ் பைக்குள் திணித்துக் கொண்டுவந்தால் அடுத்த நாள் காலை எல்லா ஸ்பனரிலும் மண்ணிறப் படலம் இருக்கும். வாளியின் கைபிடிக் கம்பி கழன்றால் கதை முடிந்தது. கம்பி போகிற காதைச் சுற்றி ஒரு பட்டி போட்டுக் கட்டிவிடுங்கள்.

யாருக்கு எது

வருமானத்தில் பெரும்பகுதி கழுவுகிற சர்வீசில் வருகிறதென்றால், வாளியும் 14 அங்குல வாய் அகன்ற பையும் போதும். முதுகுப் பைக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. புதிய ஏசி பூட்டுவதும் கேஸ் அடிப்பதும் கொம்பிரஷர் மாற்றுவதும் முக்கியம் என்றால் முதுகுப் பையும் பக்கத்து இரும்புப் பெட்டி ஒரு சோடியும். முதுகில் நுட்பமானவை, பெட்டியில் பாரமானவை. நைதரசன் சிலிண்டர் தேவைப்படுகிற நாளில் எப்படியும் ஓட்டோதான் பிடிக்க வேண்டும்; அதை பைக்கில் கட்டுகிற யோசனையே வேண்டாம்.

எந்தப் பை எடுத்தாலும் உள்ளே ஒரு சின்ன மூடி ரின் வேண்டும். ஆர் 32, ஆர் 410ஏ யூனிற்றுகளின் சர்வீஸ் வாய் 5/16 அங்குலம், பழைய கேஜ் ஹோஸ் 1/4 அங்குலம். இடையில் போடுகிற அடப்ரர் இல்லாமல் 50 கிலோமீற்றர் போனால் திரும்பி வருவதைத் தவிர வேறு வழியில்லை. அதோடு 1/4, 3/8, 1/2 அங்குல பிளேர் நட் இரண்டிரண்டு, ஹோஸ் வாசர் ஐந்தாறு, சர்வீஸ் வாய்க்குள் இருக்கிற வால்வ் கோர் இரண்டு. குழாயில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சுகிற பில்ற்றர் டிரையரை இந்த ரின்னில் போடாதீர்கள். அதன் இரண்டு முனை மூடியும் பூட்டுகிற நிமிடம் வரை கழலாமல் தனியாகப் பொதியில் இருக்க வேண்டும், ஈரம் குடித்தால் அது குப்பை.

கடையில் வெறும் பையைத் தூக்கிப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் சாமானைக் கொண்டுபோய் நிரப்பி, கைபிடியில் தூக்கி இரண்டு மூன்று தரம் குலுக்கி, கைபிடி தைத்த இடத்தில் நூல் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். தோள் பட்டியின் கொழுக்கி பிளாஸ்டிக் என்றால் உலோகத்தில் மாற்றித் தரச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்தால் அன்றைக்கே மாற்றித் தருவார். கைபிடி அடித் தையலையும் நைலோன் நூலால் ஒரு சுற்று கூடப் போடச் சொல்லுங்கள்.