ஜேசாட்ஸ்: அணை தாண்டும் சால்மன் குஞ்சுகளை ஒலியால் பின்தொடரும் அமைப்பு எப்படி?

அமெரிக்காவின் வடமேற்கில் ஓடும் கொலம்பியா, ஸ்நேக் ஆறுகளில் கடலை நோக்கி இறங்கும் சால்மன் குஞ்சுக்கு அணையில் பெரும்பாலும் மூன்றே வழி: டர்பைன், உபரிநீர் மதகு, மீனுக்கென்றே போட்ட மாற்றுவழியான பைபாஸ். எந்த வழியாகப் போனது, போனபின் பிழைத்ததா? இந்த இரண்டுக்கும் சேர்த்துப் பதில் வேண்டுமென்றால், மீனின் உடலுக்குள் ஒலி அனுப்பும் சிறு கருவியை (டேக்) வைத்து, அந்த ஒலியை நீருக்கடி ஒலிவாங்கிகளால் (ஹைட்ரோஃபோன்) பிடிக்கும் ஜேசாட்ஸ் (JSATS) அளவுக்கு நம்பகமானது வேறில்லை. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 2001 முதல் இதை உருவாக்கிவந்தது. 2008-இல் வந்த விதிப்படி, வசந்தத்தில் இறங்கும் ஒரு வயதுக் குஞ்சுகளில் 96%, கோடையில் இறங்கும் இளங்குஞ்சுகளில் 93% ஒவ்வோர் அணையையும் உயிரோடு தாண்ட வேண்டியிருந்தது. அதைச் சரிபார்த்த ஆய்வுகள் இதை நம்பித்தான் நடந்தன.

ஊசிவழி டேக்தான் இதன் பெரிய பலம். 15 மி.மீ. நீளம், 3.38 மி.மீ. விட்டம், 217 மி.கி. எடை; ஏறக்குறைய ஒரு கிராம்பு அளவு. மயக்கமருந்து கலந்த நீரில் மீனை அடக்கி, வயிற்றில் 3 மி.மீ. கீறலோ ஊசித்துளையோ போட்டு உள்ளே தள்ளினால் போதும், தையல் வேண்டாம். முந்தைய டேக்குகளுக்கு அறுவையும் தையலும் தேவைப்பட்டன. தையல் போனதால் மீனைக் கையில் வைத்திருக்கும் நேரம் குறைகிறது, புண்ணும் சீக்கிரம் ஆறுகிறது. 3 விநாடிக்கு ஒரு ஒலித்துடிப்பு என்று வைத்தாலும் பேட்டரி சுமார் 100 நாள் தாங்கும்.

டேக் 416.7 கிலோஹெர்ட்ஸில், 31 பிட் குறியீட்டை 744 மைக்ரோ விநாடியில் அனுப்பிவிடுகிறது. துடிப்பு இவ்வளவு குறுகியது என்பதால் ஒரே நேரத்தில் பல மீன்கள் அணைமுன் கூடினாலும் குறியீடுகள் அதிகம் மோதிக்கொள்வதில்லை. 69 கிலோஹெர்ட்ஸ் டேக்கின் ஒலி சீல்களுக்குக் கேட்கும்; இது கேட்காது. மீனைத் தேடித் தின்னும் விலங்குக்கு நாமே வழிகாட்டாமல் இருப்பது சின்ன விஷயமல்ல. ஆனால் இதே உயர் அதிர்வெண் உப்புநீரில் சீக்கிரம் தேய்ந்துவிடும். முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் பின்தொடர நினைப்பவர்கள் இதை வாங்க வேண்டாம்.

ஹைட்ரோஃபோன் பொருத்துவதில்தான் பெரும்பாலான ஆய்வுகள் தேறுவதும் தவறுவதும். மீன் நின்ற இடத்தை முப்பரிமாணத்தில் பிடிக்க, ஒரே துடிப்பு குறைந்தது நான்கு ஹைட்ரோஃபோன்களில் விழ வேண்டும். அணைமுகத் தூண்களில் ஒன்றை மேலேயும் ஒன்றை ஆழத்திலும் பொருத்துங்கள். எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால் ஆழக்கணக்கு கெட்டு, டர்பைனுக்குள் இறங்கிய மீன் மேல்வழியில் போனதாகப் பதிவாகும். ஹைட்ரோஃபோன்களின் கடிகாரம் 1 மில்லி விநாடி பிசகினால் தூரம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் பிசகும். அதனால் ஜிபிஎஸ் நேர ஒத்திசைவைத் தவிர்க்கவே கூடாது. நீரின் வெப்பநிலையையும் கூடவே பதியுங்கள். 10 டிகிரியில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,447 மீட்டர், 20 டிகிரியில் 1,482. வசந்தத்தில் போட்ட கணக்கைக் கோடையில் அப்படியே ஓட்டினால் 100 மீட்டரில் இரண்டு மீட்டருக்கு மேல் தவறும்.

கான்கிரீட்டில் பட்டுத் திரும்பும் எதிரொலி இன்னொரு தொல்லை. ஹைட்ரோஃபோனின் பின்புறம் ஒலி உறிஞ்சும் கூம்பு போட்டால் பெருமளவு அடங்கும். மதகுக்குக் கீழே பொங்கும் நுரைநீரில் மட்டும் எந்தத் தந்திரமும் பலிக்காது. காற்றுக்குமிழி ஒலியை விழுங்கிவிடும், ஆகவே நீர் தெளியும் தூரம்வரை தள்ளிப்போய்க் கருவியை இறக்குங்கள். போலிப் பதிவுகளைக் களைய, ஒரே குறியீடு சரியான இடைவெளியில் நான்கு முறையாவது வந்தால்தான் ஏற்பது என்ற வடிகட்டி வையுங்கள்.

டர்பைன் வழிக்கு வரும் பிழைப்பு விகிதத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். டேக்கின் எடையைத் தாங்க மீன் தன் காற்றுப்பையில் கூடுதல் காற்று நிரப்பிக்கொள்கிறது. டர்பைன் சக்கரத்தை ஒட்டி அழுத்தம் திடீரென விழும்போது அந்தக் காற்று விரிந்து பை கிழிகிறது. டேக் இல்லாத மீனைவிட டேக் போட்ட மீன் அங்கே அதிகம் சாகும், அதனால் டர்பைன் உள்ளதைவிடக் கொடியதாகத் தெரியும். 10 கிராம் குஞ்சில் இந்த டேக் உடல் எடையில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல். அதைவிடச் சின்ன மீனுக்குப் போடத் துணிய வேண்டாம்.

அணைக்கு மொத்தம் எத்தனை மீன் வருகிறது என்று எண்ண மட்டும் வேண்டுமானால் இது தேவையில்லை. ஒலியை அனுப்பி, மீனில் பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்து மீனைத் தொடாமலே எண்ணும் ஸ்பிளிட் பீம் சோனார் போதும். அதற்கு இனம் பிரிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

வாங்கிய டேக் தொகுப்பிலிருந்து ஒரு ஐம்பதை மீனுக்குள் போடாமல் தொட்டியிலேயே வைத்து, கடைசி டேக் அடங்கும்வரை பதியுங்கள். ஒரு குறியீடு நின்றால் செத்தது மீனா பேட்டரியா என்று பிரிக்க அந்தப் பதிவு வேண்டும். செத்த மீன் சிலவற்றிலும் டேக் போட்டு அணைக்குக் கீழே விடுங்கள். அணையைத் தாண்டிப் பிழைத்த மீனைப் பதிய ஆற்றின் கீழ்ப்பகுதியில் வைத்த ஹைட்ரோஃபோன் வரிசை வரை அவை மிதந்துவந்து உயிருள்ள மீனாகக் கணக்கில் ஏறினால், அந்த வரிசை அணைக்கு மிக அருகில் இருக்கிறது. இன்னும் கீழே நகர்த்த வேண்டும்.