போர்க்கால பி.எஸ்.ஏ. எம்20 ஃபிரேமின் வயது: விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பின் சான்றிதழ் எந்த அளவுக்கு உதவும்?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் பயன்படுத்திய பி.எஸ்.ஏ. எம்20 மோட்டார் சைக்கிளைப் புதுப்பிக்க முனைவோர் அதன் ஃபிரேம் (வண்டியின் அடிச்சட்டம்) எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று அறிய, இங்கிலாந்தின் பர்ட்டன் அபான் டிரென்ட் நகரிலுள்ள விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் வழங்கும் வயதுச் சான்றிதழை நாடலாம். 1946இல் தொடங்கிய இந்தக் கிளப்பின் நூலகத்தில் பி.எஸ்.ஏ. தொழிற்சாலையின் பழைய பதிவேடுகள் பாதுகாக்கப்படுகின்றன. கட்டணம் செலுத்தி வண்டியில் பொறித்துள்ள ஃபிரேம், எஞ்சின் எண்களை அனுப்பினால், அவற்றைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சான்றளிக்கிறார்கள்.

மற்ற மாடல்களை விட எம்20க்கு இந்தச் சேவை அதிகம் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. போருக்கு முன் எண்ணின் முதல் எழுத்தே ஆண்டைச் சொல்லிவிடும்; 'கேஎம்20' என்றிருந்தால் 1939ஆம் ஆண்டு மாடல் என்று பொருள். 1940க்கு வந்த 'டபிள்யூஎம்20' என்ற முன்னொட்டோ போர் முடியும்வரை மாறவே இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அந்த ஒரே வரிசையில் வந்ததால், முன்னொட்டை மட்டும் பார்த்து 1941ஐயும் 1944ஐயும் பிரித்தறிய இயலாது; வரிசை எண்ணைப் பதிவேட்டில் தேடித்தான் ஆக வேண்டும்.

உதிரிபாகங்களைக் கொண்டு வயதைக் கணிப்பதை நான் ஏற்பதில்லை. 1942இல் மலாயா ஜப்பான் வசமானபின் ரப்பர் தட்டுப்பாடு ஏற்பட்டு, கைப்பிடிக்கு கேன்வாஸும் கால்வைப்புக்கு வெறும் உலோகமும் வந்தன என்பது உண்மையே. ஆனால் ராணுவப் பட்டறைகள் வண்டிகளைப் பிரித்துக் கையில் கிடைத்த பாகங்களைக் கொண்டு மீண்டும் பூட்டியதால், 1940ஆம் ஆண்டு ஃபிரேமிலும் அத்தகைய கைப்பிடி இருக்கக்கூடும்.

எஞ்சின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் ஒன்றாக இருப்பதாகப் பெருமை பேசி விலையை உயர்த்தும் விற்பனையாளரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அக்காலத்து எம்20இல் அவ்விரண்டும் தொழிற்சாலையிலேயே வெவ்வேறாகத்தான் பொறிக்கப்பட்டன. ஒரே எண் தென்பட்டால் பிற்காலத்தில் யாரோ அடித்த முத்திரை என்றே முதலில் ஐயுற வேண்டும்.

சேவையின் குறையென்று நான் கருதுவது அதன் இயல்பிலேயே உள்ளது: சான்றிதழ் எண்ணுக்கு உரியதே தவிர, அந்த எண்ணைத் தாங்கிய ஃபிரேமின் இரும்புக்கு உரியதன்று. ஆகவே விண்ணப்பிக்கும் முன் எண் பொறித்த இடத்திலுள்ள பழைய பெயின்டைக் கரைப்பான் கொண்டு பொறுமையாக நீக்குங்கள்; கிரைண்டரை வைத்தால் துருவோடு எண்ணும் போய்விடும். எழுத்துகளின் அளவும் ஆழமும் சீராக உள்ளனவா என்றும் பாருங்கள். எம்20ஐ விடப் பெரிய எஞ்சின் கொண்ட, போருக்குப் பிந்தைய 591 சிசி எம்21 என்ற பி.எஸ்.ஏ. வண்டிகளுக்கும் எம்20 என்று பொறித்த ஃபிரேமே வந்ததால், எஞ்சினின் கொள்ளளவை ஃபிரேம் எண் காட்டிக்கொடுக்காது.

பிரிட்டனில் பதிவு செய்ய விரும்புவோருக்கு இந்தச் செலவு வீண் அன்று. வயதுக்கு உரிய பதிவெண் கேட்கும்போது அந்நாட்டு வாகன உரிமத்துறை இத்தகைய சான்றையே எதிர்பார்க்கிறது; வயதை நிறுவ முடியாத வண்டிக்கு 'க்யூ' எழுத்தில் தொடங்கும் பதிவெண்தான் கிடைக்கும். சாலையில் ஓட்டாமல் கூடத்தில் நிறுத்தி வைக்கப்போகிறவர்கள், சான்றிதழுக்கு அவசரப்படாமல் முதலில் எண்ணைத் தெளிவாகப் படித்து வைத்துக்கொண்டாலே போதும்.