புது கிளட்ச் போட்ட பிறகு ரிவர்ஸ் கியர் கரகரக்கிறதா? "ஓட ஓட செட் ஆகிடும்" என்பதை நம்பாதீர்கள்

காரை கிளட்ச் மாற்றக் கொடுத்திருப்பவர்கள், வண்டியை எடுக்கப் போகும் முன் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

என் வண்டியில் பழைய கிளட்ச் தேய்ந்து ஸ்லிப் ஆகிக்கொண்டிருந்தது. மாற்ற வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. டிஸ்க் (எஞ்சின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் உராய்வுத் தட்டு), பிரஷர் பிளேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் தட்டு), ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்தால் அந்தப் பிடியை விடுவிக்கும் பேரிங்) மூன்றும் புதிது என்று பில் போட்டார்கள். பட்டறையிலிருந்து வெளியே எடுக்க ரிவர்ஸ் போட்டதுமே பல்லோடு பல் உரசுகிற சத்தம். முதல் கியரும் இறுக்கம். பெடலைத் தரையோடு மிதித்திருந்தும், கியர் விழுந்ததும் வண்டி நகரப் பார்த்தது. "புது பிளேட் சார், ஓட ஓட செட் ஆகிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

செட் ஆகாது. புது டிஸ்க்கின் உராய்வுப் பரப்பு கொஞ்ச தூரம் ஓடியபின் படியும், பிடிமானம் சீராகும், அவ்வளவுதான். பெடலை முழுக்க மிதித்தும் எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸ் விடுபடவில்லை என்றால், அது எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் தானாகச் சரியாகாது. எங்கோ ஏதோ தப்பாக மாட்டப்பட்டிருக்கிறது, இல்லை மிதிக்கிற அழுத்தம் உள்ளே போய்ச் சேரவில்லை.

திரும்பக் கொண்டுபோனேன். "ஏர் லாக்" (கிளட்ச் ஆயில் குழாயில் காற்று புகுந்திருக்கிறது) என்று பிளீடிங் செய்து, அதாவது அந்தக் காற்றை வெளியேற்றி, ஆயிலுக்குத் தனியாக வாங்கினார்கள். அதே சத்தம். பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றினார்கள். அதே சத்தம். அந்த அழுத்தத்தை வாங்கி கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரையும் மாற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் பில், கூலி. கழற்றிய பழைய சிலிண்டர்களைக் கேட்டால் "குப்பையில போட்டாச்சு". கடைசியாக வந்ததுதான் பெரிய வெடி: "கியர்பாக்ஸ்ல சிங்க்ரோ ரிங் போயிருக்கு சார், இறக்கி ஓவர்ஹால் பண்ணணும்." (கியர் உரசாமல் விழ, வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்தான் சிங்க்ரோ.)

வண்டியை அங்கே விடாமல் எடுத்து வந்துவிட்டேன். காரணம், எஞ்சினை அணைத்துவிட்டுப் போட்டால் எல்லா கியரும் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. எஞ்சின் ஓடும்போது மட்டும்தான் தகராறு. கிளட்ச் மாற்றுவதற்கு முந்தின நாள்வரை ஒழுங்காக விழுந்த கியர்கள், மாற்றிய மறுநாளே எல்லாமாகச் சேர்ந்து சிங்க்ரோ தேய்ந்துபோகுமா? நிறைய கார்களில் ரிவர்ஸ் கியருக்கு சிங்க்ரோவே கிடையாது. அதனால்தான் அது முதலில் காட்டிக்கொடுக்கிறது. பெடலை முழுதாக மிதித்து, சில வினாடி பொறுத்து, ரிவர்ஸ் போடுங்கள். கிளட்ச் சரியாக விட்டிருந்தால் இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டு) அதற்குள் நின்றிருக்கும், சத்தம் வராது. பொறுத்த பிறகும் கரகரத்தால் ஷாஃப்ட்டை எஞ்சின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். அவர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் என்னைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, கீழே ஸ்லேவ் சிலிண்டரின் ராட் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தார். ஒவ்வொரு மிதிக்கும் முழு நீளத்துக்கு, ஒரே அளவு நகர்ந்தது. பெடலை வேகவேகமாகப் பம்ப் செய்து பார்த்தோம். காற்று இருந்தாலோ மாஸ்டர் சீல் போயிருந்தாலோ, பம்ப் செய்யும்போது கியர் கொஞ்சம் சுலபமாக விழும். எந்த மாற்றமும் இல்லை. "ஹைட்ராலிக் நல்லாத்தான் இருக்கு, கோளாறு உள்ளே" என்றார். கருவி எதுவும் இல்லாமல், சில நிமிடத்தில் தெரிந்துகொள்ள முடிந்த விஷயம் இது. இதைச் செய்யாமல் இரண்டு சிலிண்டரை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். (ஸ்லேவ் பெல் ஹவுசிங்குக்கு, அதாவது கிளட்ச்சை மூடியிருக்கும் கூட்டுக்கு, உள்ளேயே பேரிங்கோடு சேர்ந்திருக்கும் வண்டிகளில் இப்படிப் பார்க்க முடியாது. கேபிள் கிளட்ச் என்றால் முதலில் கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.)

கியர்பாக்ஸை இறக்கியபோது பக்கத்திலேயே நின்று படம் எடுத்தேன். டிஸ்க் திருப்பி மாட்டப்பட்டிருந்தது. நடுவில் ஸ்பிரிங்குகளோடு புடைத்திருக்கும் பக்கம் என் வண்டியில் கியர்பாக்ஸைப் பார்த்து இருக்க வேண்டும். ஆனால் எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீலைப் பார்த்து இருந்தது. அந்தப் புடைப்பு ஃப்ளைவீலின் நடு போல்ட்டுகளில் உரசி, போல்ட் தலைகள் பளபளவென்று தேய்ந்திருந்தன. பிரஷர் பிளேட் எவ்வளவு விலகினாலும் டிஸ்க் விடுபட வழியே இல்லை. எந்தப் பக்கம் ஃப்ளைவீலுக்கு என்று பெரும்பாலான டிஸ்க்குகளில் அச்சடித்தே இருக்கும். இதிலும் இருந்தது.

இன்னொன்றையும் பார்த்தோம். பில்லில் புதிது என்று போட்ட ரிலீஸ் பேரிங் பழையது. முகத்தில் ஆழமாகத் தேய்ந்த வளையம், கையால் சுற்றினால் கரகரப்பு. டிஸ்க்கைத் திருப்பிப் போட்டது கவனக்குறைவு என்றே வைத்துக்கொள்வோம். பேரிங் விஷயம் அப்பட்டமான திருட்டு.

உரசிப்போன டிஸ்க்கும் வீண். மறுபடி புது டிஸ்க், பேரிங், கூலி எல்லாம் என் செலவு. படங்களைக் காட்டியதும் முதல் பட்டறைக்காரர் "நீங்க வெளியில மாத்திட்டு எங்க மேல சொல்றீங்க" என்றுதான் ஆரம்பித்தார். கியர்பாக்ஸ் இறங்குவதிலிருந்து வரிசையாகப் படம் இருந்ததால் பேரிங்குக்கான பணம் மட்டும் திரும்பி வந்தது. சிலிண்டர்களுக்கும் கூலிக்கும் ஒன்றும் பெயரவில்லை.

வேலைக்குக் கொடுக்கும்போதே பழைய டிஸ்க், பிளேட், பேரிங் மூன்றும் கையில் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பிரஷர் பிளேட்டை மூடுவதற்கு முன் டிஸ்க்கை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் எடை டிஸ்க்கின் மேல் தொங்கினாலும் டிஸ்க் வளைந்து இதே தொந்தரவு வரும். பிளேட் போல்ட்டுகளை ஒரு பக்கமாக இறுக்கினாலும் வரும். அதனால் படம் சரியாக இருந்தாலும், பணம் கொடுக்கும் முன் எஞ்சினைச் சூடேற்றி அந்த ரிவர்ஸ் சோதனையைச் செய்யாமல் கிளம்பாதீர்கள்.

ஏற்கெனவே இந்த நிலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உடனே நிறுத்துங்கள். சரியாக விடாத கிளட்ச்சோடு கியரைத் திணித்துக்கொண்டே இருந்தால், அவர்கள் பொய்யாகச் சொல்லும் சிங்க்ரோ தேய்மானம் உண்மையாகவே வந்துவிடும். பட்டறைவரை கொண்டுபோக வேண்டியிருந்தால், ஸ்டார்ட் செய்யும்போது நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கியரில் இருந்தால் பெடலை மிதித்திருந்தாலும் வண்டி பாயும், முன்னால் ஆள் நின்றால் ஆபத்து.