ஒரே ஒரு எர்த்க்வேக்: போகிமான் ரெட், பல வருட ஆட்டத்துக்குப் பிறகு

சில்ஃப் கோ கட்டடத்தின் 10-வது மாடியில் டி.எம். 26 கிடக்கிறது. டி.எம். என்பது போகிமானுக்கு ஒரு மூவை, அதாவது சண்டை வித்தையைக் கற்றுக்கொடுக்கும் பொருள். எர்த்க்வேக். போகிமான் ரெட் ஆட்டம் முழுக்க அது ஒன்றுதான். ஒருவருக்குக் கற்றுக்கொடுத்த கையோடு டி.எம். காலி. கடையில் கிடைக்காது, சூதாட்டக் கூடத்திலும் கிடைக்காது. போகிமானின் கையில் பொருளைக் கொடுத்து நண்பனோடு மாற்றிக்கொள்ளும் வசதியும் இந்த முதல் தலைமுறை ஆட்டங்களில் கிடையாது. நிடோகிங்குக்கா, ஸ்நார்லாக்ஸுக்கா, டாரோஸுக்கா? வீட்டில் மூன்று பிள்ளைகள், சைக்கிள் ஒன்று என்கிற கதைதான். இந்த ஆட்டத்தை அழித்து அழித்து எத்தனையோ முறை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். என்னைக் கேட்டால், இதில் அணி அமைப்பது என்பதே பெரும்பாலும் இந்தப் பங்கீடுதான். அது சரியாக அமைந்தால் எந்த ஆறு பேர் என்பது தானாகவே முடிவாகிவிடும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கேம் ஃப்ரீக் உருவாக்கிய இந்த ஆட்டம் நிண்டெண்டோவின் கேம் பாய்க்கு 1996 பிப்ரவரியில் ஜப்பானில் ரெட், கிரீன் என்று இரண்டாக வந்தது. 1998-ல் அமெரிக்காவில் ரெட், ப்ளூ ஆனது. சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்த சதோஷி தஜிரிக்கு அந்த ஆசையிலிருந்து உதித்த யோசனை. பிடித்து வளர்த்துச் சண்டைக்கு விட 151 போகிமான்கள், நெருப்பு, விஷம், பேய் என்று 15 வகைகள், ஒவ்வொரு போகிமானுக்கும் நான்கே நான்கு மூவ். நான் கேட்ரிஜிலும் ஆடினேன், 2016-ல் 3டிஎஸ்ஸுக்கு மறுபடி வெளியிட்டபோது அதிலும் ஆடினேன். இப்போதைக்கு 3டிஎஸ்ஸில் ஏற்கெனவே வாங்கி வைத்தவர்களுக்குத்தான் யோகம். அதன் இணையக் கடை 2023 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டது.

முதல் போகிமானாக எதை எடுப்பது என்று ஆளாளுக்குச் சண்டை போடுவார்கள். என் ஓட்டு புல்பசாருக்கு. பிராக், மிஸ்டி என்ற தலைவர்களை வென்று கடக்க வேண்டிய முதல் இரண்டு ஜிம்மையும் அது சிரமமில்லாமல் தாண்டும் என்பது எல்லோரும் சொல்லும் காரணம். எனக்கு வேறு காரணம்: அது யாரிடமும் எதையும் கேட்காது. ரேசர் லீஃப் தானாகவே வரும். இந்தத் தலைமுறையில் கிரிட்டிகல் (வழக்கத்தைவிடப் பலமான அடி) விழும் வாய்ப்பு போகிமானின் அடிப்படை வேகத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ரேசர் லீஃப், ஸ்லாஷ் போன்ற மூவ்களுக்கு அந்த வாய்ப்பு எட்டு மடங்கு. புல்பசார் வளர்ந்து வேகம் 80 உள்ள வீனஸார் ஆகி அடித்தால் ஏறக்குறைய ஒவ்வொரு அடியும் கிரிட்டிகல். சார்மாண்டரை எடுப்பவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். தொடக்கம் இழுவை என்பதுகூடப் பரவாயில்லை. சாரிஸார்ட் ஆன பிறகு, அவ்வளவு பெரிய சிறகை வைத்துக்கொண்டு ரெட், ப்ளூவில் அதற்குப் பறக்கும் மூவான ஃப்ளை கற்க முடியாது! யெல்லோ பதிப்பு வந்தபோதுதான் அதைச் சரிசெய்தார்கள்.

சரி, பங்கீட்டுக்கு வருவோம். தனியாக ஆட்டத்தை முடிக்க மிகச் சுலபமான வழி நிடோகிங். ரூட் 22 புல்லில் நிடோரான் கிடைக்கும், லெவல் 16-ல் நிடோரினோ ஆகும், மவுண்ட் மூனில் எடுக்கும் மூன் ஸ்டோனைக் கொடுத்தால் இரண்டாவது ஜிம்முக்கு முன்பே நிடோகிங் கையில். வேகமாக முடிக்கும் போட்டிக்காரர்கள் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடுவதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் அவர் ஒரு பெருந்தீனிக்காரர். தண்டர்போல்ட், ஐஸ் பீம், ப்ளிஸார்ட், எர்த்க்வேக் என்று ஆட்டத்திலுள்ள நல்ல டி.எம். எல்லாம் அவருக்குப் பொருந்தும், எல்லாவற்றையும் விழுங்குவார். மற்ற ஐந்து பேரும் வேடிக்கை பார்ப்பார்கள். ஒருமுறை அப்படி ஆடிப் பாருங்கள், நன்றாகவே இருக்கும். இரண்டாவது முறை அலுத்துவிடும்.

அதனால் நான் தலைகீழாகப் போகிறேன். லெவல் ஏறும்போது தானாகவே நல்ல மூவ் கற்றுக்கொள்பவர்களை முதலில் பிடித்துவைப்பேன். டிக்லெட் குகையில் டக்ட்ரியோவே நேரடியாக லெவல் 29-லும் 31-லும் எதிர்ப்படும். மூன்றாவது ஜிம்மில் சர்ஜின் ராய்ச்சு வெறும் 24. டக்ட்ரியோவுக்கு 35-ல் ஸ்லாஷ், 47-ல் எர்த்க்வேக், டி.எம்.மே வேண்டாம். சில்ஃப் கோவில் இலவசமாகக் கிடைக்கும் லாப்ரஸ் லெவல் 15-ல் நோஞ்சானாக வந்தாலும், 38-ல் ஐஸ் பீம் கற்றுக்கொள்ளும். கடாப்ராவும் அதே 38-ல் சைக்கிக் கற்றுவிடும். இப்படி மூன்று பெரிய மூவ் செலவில்லாமல் வந்துவிட்டால், சர்ஜைத் தோற்கடித்து வாங்கிய தண்டர்போல்ட்டை ஈவீயிலிருந்து வந்த ஜோல்டியானுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். டி.எம். 26 என் அணியில் ஸ்நார்லாக்ஸுக்குத்தான். நார்மல் வகைக்குப் பேய் மீது கை வைக்க முடியாது, ஆனால் ஆட்டத்தின் இறுதியில் வரும் எலைட் ஃபோர் நால்வரில் ஒருவரான அகதாவின் கெங்கார் பாதி விஷ வகை, தரைத் தாக்குதலான எர்த்க்வேக் அதை இரட்டிப்பாகக் கடிக்கும். பின்னாளில் வந்த ஆட்டங்களில் கெங்கார் தரையிலிருந்து மிதந்து தப்பித்துக்கொண்டது; இங்கே அந்தப் பாச்சா பலிக்காது.

எச்.எம். விஷயம் ஒரு தலைவலி. கட், சர்ஃப், ஸ்ட்ரெங்த் மூவ்கள் இல்லாமல் வழி திறக்காது, ஃப்ளை, ஃப்ளாஷ் இல்லாவிட்டால் அலைச்சல், ஒருமுறை கற்றுக்கொடுத்தால் மறக்கவைக்கவும் முடியாது. நான்கு இடத்தில் ஒன்று கட் மூவுக்கு அடமானம் போவது வயிற்றெரிச்சல். வெர்மிலியனில் ஸ்பியரோவைக் கொடுத்தால் டக்ஸ் என்ற பெயரோடு ஒரு ஃபார்ஃபெட்ச்ட் தருவார்கள். கட், ஃப்ளை இரண்டையும் அதன் தலையில் கட்டிவிடுங்கள். சண்டைக்கு உதவாது, மூட்டை தூக்க உதவும்.

எலைட் ஃபோர் வரை போனவர்களுக்கு லெவல் இடைவெளி தெரியும். விக்டரி ரோடில் அலையும் போகிமான்கள் 20-களிலிருந்து 40-கள் வரைதான் இருக்கும். உள்ளே லாரலையின் அணியோ 53-ல் தொடங்கும், கடைசிப் போட்டியாளன் 65-ல் முடிப்பான். இடையில் சண்டை மேல் சண்டை போட்டு லெவலை ஏற்றித்தான் ஆக வேண்டும், எனக்குப் பிடிக்காத பகுதி அது. அனுபவத்தைப் பகிர்ந்துகொடுக்கும் எக்ஸ்ப் ஆல் இருக்கிறது, 50 வெவ்வேறு போகிமான் பிடித்தவர்களுக்குப் பேராசிரியர் ஓக்கின் உதவியாளர் தருவார். அதை வைத்துக்கொண்டு ஆடினால் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் ஆறு பேருக்கும் வரிசையாகச் செய்தி ஓடும். டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம்.

ஆனால் எலைட் ஃபோரில் கடைசியாக வரும் லான்ஸ் ஒரு சுகம். அவருடைய டிராகோனைட் லெவல் 62, ஹைப்பர் பீம் வைத்திருக்கிறது, பார்த்தாலே பயமாக இருக்கும். அதற்கு எதிரே விஷ வகை ஒன்றை நிறுத்துங்கள். எதிராளியை இயக்கும் நிரல், எந்த மூவின் வகை நம் போகிமானுக்குப் பாதகமோ அதையே தேர்ந்தெடுக்கும். அது உண்மையில் அடிக்குமா என்று பார்ப்பதே இல்லை. அஜிலிட்டி, பேரியர் இரண்டும் சைக்கிக் வகைக் கணக்கில் வருவதால், டிராகோனைட் அவற்றையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்கும். கணினிக்கு மூவ் தீர்ந்துபோவதும் கிடையாது. வீனஸார் உயிரை உறிஞ்சும் லீச் சீடு போட்டு, கூடவே ஜிம் தலைவர் கோகா தந்த டாக்ஸிக் விஷத்தையும் ஏற்றிவிட்டால், இந்தத் தலைமுறையில் இரண்டும் ஒரே எண்ணிக்கையைப் பகிர்ந்துகொள்வதால் உறிஞ்சுவது சுற்றுக்குச் சுற்று கூடும். லான்ஸின் கடைசி டிராகன் ஆடிக்கொண்டே சாகும். இதை நேர்மையற்ற வெற்றி என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன், ஆட்டத்தை அந்த அளவுக்குத் தெரிந்துவைத்திருப்பதும் ஆட்டம்தான்.

லிங்க் கேபிளைச் செருகி இன்னொரு மனிதரோடு மோதினால் மேலே சொன்னதில் பாதி செல்லாது. அது வேறு ஆட்டம். டக்ட்ரியோ ஓரமாகப் போகும், வீனஸார் வெளியில் உட்காரும். டாரோஸ், சான்சி, ஸ்நார்லாக்ஸ் மூவரும் ஏறக்குறைய எல்லோருடைய அணியிலும் இருப்பார்கள். அடிப்படை வேகம் 110 என்பதால் டாரோஸ் ஐந்தில் ஒரு அடியைக் கிரிட்டிகலாக அடிக்கும். அதோடு, ஹைப்பர் பீமால் எதிரியை வீழ்த்திவிட்டால் அடுத்த சுற்றில் ஓய்வெடுக்கத் தேவையில்லை. சான்சியின் அடிப்படை உயிர் 250. தண்டர் வேவ் போட்டு முடக்கிவிட்டுச் சாஃப்ட்பாயில்டு அவித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அலகசாம், ஸ்டார்மி, எக்செக்யூட்டர் மாதிரி சைக்கிக் ஆட்களை அடக்க வழியே இல்லை. பேய் வகை அடக்க வேண்டும் என்பதுதான் திட்டம், ஆனால் நிரலில் நேர்ந்த பிழையால் பேய்த் தாக்குதல் சைக்கிக்கைத் தொடவே தொடாது. பூச்சி மூவ்களோ லீச் லைஃப், ட்வின்நீடில் என்று கொசுக்கடி. சிறப்புத் தாக்குதலும் சிறப்புத் தற்காப்பும் இங்கே ஒரே எண் என்பதால், அலகசாம் அடிப்பதிலும் தாங்குவதிலும் அதே 135.

உறைதல்தான் மிகக் கொடுமை. உறைந்த போகிமான் தானாக உருகாது, லிங்க் சண்டையில் பையைத் திறக்கவும் முடியாது. என் அத்தை மகனோடு ஆடும்போது அவன் சான்சி ப்ளிஸார்டில் உறைந்துபோனது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டுக் கேட்டான்:

"மச்சான், இது எப்பதான் உருகும்?"

"உருகாதுடா. நானே நெருப்பால அடிச்சாதான் உண்டு."

"அப்ப அடி."

"எங்கிட்ட நெருப்பே இல்லையே!"

இப்படிப்பட்டதைத் தாங்க முடியாதவர்கள் லிங்க் சண்டைப் பக்கம் வராமல் இருப்பது நல்லது. நூற்றுக்கு நூறு துல்லியம் உள்ள மூவ்களும் பெரும்பாலும் 256-ல் ஒருமுறை தவறும். கிரிட்டிகலைக் கூட்ட வேண்டிய ஃபோகஸ் எனர்ஜி, பிழையால் அதைக் கால்வாசியாகக் குறைக்கும். ஒரே சமயம் எதிராளியில் ஒருவரைத்தான் தூங்கவைக்கலாம் என்று எங்களுக்குள் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். அது இல்லாவிட்டால் ஜின்க்ஸ், எக்செக்யூட்டர் வைத்திருப்பவன்தான் ஜெயிப்பான்.

இந்தச் சண்டைக்கு வளர்க்கும் விதத்தில் மட்டும் எனக்கு ஏமாற்றம். பிற்காலத் தலைமுறைகளில் பயிற்சிப் புள்ளிகளுக்கு வரம்பு உண்டு. வேகமா, தாக்குதலா என்று யோசித்துப் பிரிக்க வேண்டும். இங்கே ஐந்து அம்சங்களையும் உச்சம்வரை ஏற்றலாம். பொறுமை இருந்தால் போதும், அதனால் என் டாரோஸும் அவன் டாரோஸும் ஏறக்குறைய ஒரே அச்சு. லெவல் 100 ஆன பிறகு சேர்ந்த புள்ளிகள் எண்ணில் ஏறாமல் நின்றால், ஆட்டத்துக்குள் இருக்கும் பி.சி.யில் போகிமானைப் போட்டு வெளியே எடுங்கள், ஏறிவிடும்.

டி.எம். பற்றாக்குறையை உடைக்கவும் வழி இருக்கிறது. விரிடியன் ஊர்க் கிழவரிடம் போகிமான் பிடிக்கும் பாடத்தைப் பார்த்துவிட்டு, நேரே சின்னபார் தீவுக்குப் பறந்து, கிழக்குக் கரை ஓரமாகவே சர்ஃப் செய்தால் மிஸ்ஸிங்நோ என்ற பிழைப் போகிமான் வரும். பையில் ஆறாவது இடத்திலிருக்கும் பொருள் 128 கூடிவிடும். ஹால் ஆஃப் ஃபேம் பதிவு குழம்பும், அது போனால் போகட்டும். லிங்க் சண்டைக்கு என்றால் தயங்காமல் செய்வேன். கதையை ஆடும்போது செய்யமாட்டேன். செய்தால் பங்கீடு என்ற ஆட்டமே மிச்சமிருக்காது.

பழைய கேட்ரிஜ் வாங்க நினைப்பவர்கள் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியைக் கவனியுங்கள். சேவ் அதில்தான் உயிரோடிருக்கிறது. பேட்டரி தீர்ந்தால் சேவும் போச்சு. மாற்றுவதற்கு முன் சேவைப் பிரதி எடுத்துக்கொள்ளாவிட்டால் மாற்றும்போதே அழிந்துவிடும். பையில் 20 வகைப் பொருள்தான் கொள்ளும், பிடித்த போகிமானை வைக்கும் பெட்டி நிறைந்தால் நீங்களாகப் போய் அடுத்ததை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எதிரே ஸாப்டோஸ் நின்றாலும் பிடிக்க முடியாது.

இப்போது டி.எம். ஒன்றையும் தொடாமல் ஒரு ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, எச்.எம். மட்டும் அனுமதி. அணி அடையாளமே தெரியவில்லை. தண்டர்போல்ட் இல்லாத ஜோல்டியான் 54-ல் தண்டர் வரும்வரை தண்டர்ஷாக்கையே நம்பிக் கிடக்க வேண்டும் என்பதால், ரெட்டில் மட்டும் மின்நிலையத்தில் கிடைக்கும் எலெக்டபஸ் உள்ளே வந்துவிட்டது. 42-ல் அதற்குத் தண்டர்பஞ்ச் வரும். இப்போது 39-ல் நிற்கிறது.