மிளகும் மிளகாயும் ஒரே சொல்லில்: ஆங்கிலம்–ஸ்பானிஷ் அகராதிகளோடு என் அனுபவம்

குமுளியில் நறுமணப் பொருள் ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு. ஸ்பெயினுக்கும் தென் அமெரிக்காவுக்கும் சரக்கு விவரம், விலைப்பட்டியல், மாதிரிப் பொட்டலத்தின் லேபிள் எல்லாம் ஸ்பானிஷில் போகவேண்டும். அதற்காகச் சில வருஷமாக வேர்ட்ரெஃபரன்ஸ் இணைய அகராதியையும், ஸ்பெயினின் மொழிக் கழகமான ரியால் அகாதெமியா வெளியிடும் அகராதியையும், இடையிடையே மொழிபெயர்ப்புச் செயலிகளையும் பயன்படுத்துகிறேன். மூன்றும் காசு கேட்பதில்லை. ஆனால் மூன்றுக்கும் வேலை வேறு.

எங்கள் தொழிலில் தினமும் வரும் சொல் பெப்பர். ஆங்கிலத்தில் மிளகும் பெப்பர், குடைமிளகாயும் பெப்பர், காரமான மிளகாயும் பெப்பர்தான். ஸ்பானிஷில் மிளகு பிமியெந்தா. குடைமிளகாய் பிமியெந்தோ. கார மிளகாய் மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் சிலே, தென் அமெரிக்காவில் பல இடங்களில் அஹீ, ஸ்பெயினில் கிந்தீயா. பிமெந்தோன் என்றால் ஸ்பெயின்காரருக்கு மிளகாய்ப் பொடி வகை. அதையே கொலம்பியாவில் சொன்னால் குடைமிளகாய்.

இதிலேயே சிக்கலானது கிரீன் பெப்பர். நாங்கள் அனுப்புவது முற்றாத பச்சை மிளகு. உலர்த்தியும் போகும், உப்புநீரில் போட்டும் போகும். இலவசச் செயலி ஒன்றில் அந்த இரண்டு சொல்லை மட்டும் கொடுத்தால் பிமியெந்தோ வெர்தே என்று வருகிறது, அதாவது பச்சைக் குடைமிளகாய். உப்புநீரில் போட்டது என்று சேர்த்துக் கொடுத்தாலும் சில நாள் சரியாக வருகிறது, சில நாள் வருவதில்லை. சரியான பெயர் பிமியெந்தா வெர்தே என் சல்முவேரா. கடைசி எழுத்து ஆவா ஓவா என்பதில் சரக்கே மாறிவிடும்.

இங்கேதான் வேர்ட்ரெஃபரன்ஸ் எனக்குப் பிடித்துப்போனது. ஒரு சொல்லைத் தேடினால் பொருள்களைக் கலந்து ஒரே வரியில் கொட்டாமல், ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் சின்ன விளக்கம் தருகிறது: இது மசாலா, இது காய்கறி என்று. பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்ற குறிப்பும், எடுத்துக்காட்டு வாக்கியமும், எந்த நாட்டில் அந்தச் சொல் வழங்குகிறது என்ற அடையாளமும் இருக்கும். நாட்டு அடையாளத்தைப் பலர் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். வியாபாரத்துக்கு அதுதான் முக்கியம். மாத்ரித் ஆளுக்கும் லிமா ஆளுக்கும் ஒரே லேபிள் ஒட்ட முடியாது.

அப்புறம் திருப்பித் தேடுவது. கிடைத்த ஸ்பானிஷ் சொல்லை ரியால் அகாதெமியா அகராதியில் போட்டு, அது ஸ்பானிஷிலேயே என்ன விளக்கம் தருகிறது என்று படிக்கவேண்டும். ஆரம்பத்தில் கொஞ்சம் நேரம் பிடிக்கும். விளக்கத்தில் வரும் சொல்லுக்கே இன்னொரு முறை அகராதி பார்க்கவேண்டியிருக்கும். பழகினால் சரளமாகிவிடும். இந்தப் படியை மட்டும் நான் விடுவதே இல்லை.

தமிழக–கேரள எல்லைப்பகுதியில் வளர்ந்ததால் எனக்கு ஒரு வசதி. இந்தக் குழப்பம் எங்கள் ஊர்க் கடைகளிலேயே உண்டு. கம்பத்திலிருந்து வந்த அக்கா ‘மிளகு நூறு கிராம்’ என்று கேட்டால், ‘குருமுளகோ சேச்சி, வற்றல்முளகோ?’ என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். மலையாளத்தில் முளகு என்றால் மிளகாய், மிளகுக்குக் குருமுளகு. 1492-இல் மிளகையும் தேடிக் கப்பலேறிய கொலம்பஸ் கரீபியன் தீவுகளில் கண்டது மிளகாயை. ஸ்பானியர்கள் பிமியெந்தாவைக் கொஞ்சம் மாற்றி அதற்குப் பிமியெந்தோ என்று பேர் வைத்தார்கள். நாமும் மிளகை வைத்துத்தான் மிளகாய் என்றோம். ஆங்கிலம் வேறுபடுத்தாமல் விட்டதை இரண்டு மொழியும் வேறுபடுத்தி வைத்திருக்கின்றன. அதனால் இப்போதெல்லாம் ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் முதலில் தமிழில் அது என்ன பொருள் என்று நிறுத்திக்கொள்கிறேன், பிறகுதான் அகராதியைத் திறக்கிறேன். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

கார்பிள்டு என்ற சொல்லுக்கும் இந்த வழிதான் கைகொடுத்தது. மலபார் கார்பிள்டு, தலச்சேரி கார்பிள்டு எக்ஸ்ட்ரா போல்டு என்று மிளகுத் தரங்களுக்குப் பேர். இன்றைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு முதலில் தோன்றும் பொருள் குளறுபடியான, புரியாத என்பது. செயலியிடம் கொடுத்தால் ‘குழம்பிய மிளகு’ என்பது மாதிரிதான் வரும். பழைய பொருளோ சலித்துச் சுத்தம் செய்தது. சல்லடையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து இத்தாலியம் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதே அரபு வேரிலிருந்து ஸ்பானிஷுக்கும் கார்பீயோ என்று சல்லடைக்கு ஒரு சொல் உண்டு என்பதை ரியால் அகாதெமியா அகராதியில் பார்த்த அன்று அலுவலகத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். கடிதத்தில் அதைப் போடுவதில்லை. சலித்த என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த கிரிபாதா போதும். சலிப்பது வேறு, தூற்றுவது வேறு என்று நமக்கு இருப்பதுபோல் ஸ்பானிஷிலும் கிரிபார் வேறு, அவெந்தார் வேறு.

ஃப்ரீ என்பதும் தினசரித் தொல்லை. இலவச மாதிரிக்கு கிராதுயீதா, பூச்சியில்லாத சரக்குக்கு லீப்ரே தே, கொச்சித் துறைமுகத்தில் கப்பலேற்றும் வரையான விலைக்கு ஃபிராங்கோ ஆ போர்தோ. ஒரே விலைப்பட்டியலில் மூன்றும் வரும். கிரவுண்டு பெப்பர் என்பதில் தரை வந்து நுழையாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். பொடித்த மிளகு பிமியெந்தா மொலீதா. சரக்குத் தொகுதியைக் குறிக்கும் லாட்டு சுலபம், லோத்தே.

செயலிகளை நான் ஒதுக்கவில்லை. நீண்ட மின்னஞ்சல் வந்தால் ஆள் என்ன கேட்கிறார் என்று சட்டென்று தெரிந்துகொள்ள அதுதான் வேகம். வாக்கியம் முழுதாக இருந்தால் நன்றாகவே செய்கிறது. தலைப்பு, லேபிள், தரப்பெயர் என்று இரண்டு மூன்று சொல் மட்டும் நிற்கும் இடத்தில் அதை நம்பக்கூடாது. அகராதிகளுக்கு இணையம் வேண்டும். இங்கே மழை வலுத்தால் சிக்னல் போய்விடும், அதனால் மேஜையில் அச்சு அகராதி ஒன்றும் இருக்கிறது.

ஏலக்காய்த் தரப்பெயரில் பருமனான காய் என்ற பொருளில் வரும் போல்டு மட்டும் எந்த அகராதியிலும் அடங்கவில்லை. துணிச்சலான என்றும் தடித்த எழுத்து என்றும்தான் கிடைக்கும். ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு என்ற தரப்பெயரை அப்படியே விட்டு, பக்கத்தில் 7 மி.மீ. என்று காயின் குறைந்தபட்ச விட்டத்தைப் போடுகிறேன். வாங்குபவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள்.