பெயரை அடித்தார்கள், முகவரியை விட்டார்கள்

ஆம்பூருக்கு வெளியே 40 மிஷின் போட்டு ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்துக் கொடுக்கிறேன், ஜாப் ஒர்க். ஆள் வேண்டுமென்றால் இதுவரை எனக்கு ஒரே வழிதான். "உங்க பக்கம் யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்கம்மா" என்று உள்ளே இருக்கும் பெண்களிடமே சொல்லிவிடுவேன். அக்கா தங்கையைக் கூட்டி வருவாள், தங்கை ஓரகத்தியை. எண்ணிப் பார்த்தால் 46 பேரில் 30 பேர் இரண்டே தெரு! போன வருஷம் அங்கே ஒரு கல்யாணம், என் லைனே படுத்துவிட்டது. நியாயமெல்லாம் அப்புறம், எனக்கு முதலில் உறைத்தது இதுதான்.

அதனால் வேலூரில் ஒரு ஏஜென்சியைப் பிடித்தேன். பெயர், போட்டோ, வயது, அப்பா பெயர், கல்யாணம் ஆனதா என்பதையெல்லாம் அடித்துவிட்டு, வெறும் நம்பரோடு விண்ணப்பம் அனுப்புவார்கள். ஆளுக்கு 800 ரூபாய். ஏஜென்சிப் பையன் ஒரு ஆய்வையும் சொன்னான். சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் 2007ல் வெளியிட்டது. ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு என்று தனியார் கம்பெனிகளுக்கு விண்ணப்பங்கள் போனதில், தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைவாம்.

"அது வடக்கே அக்கா. நம்ம ஊர்ல பேருக்குப் பின்னாடி சாதி ஏது?" என்றார் என் சூபர்வைசர். சொன்ன வாயோடு முதல் தாளைப் பார்த்து, "இது பேர்ணாம்பட்டு, உருது ஸ்கூல்." அடுத்ததுக்கு, "காலனி." பெயரை அடித்தவர்கள் பள்ளியையும் தெருவையும் அப்படியே விட்டிருந்தார்கள். அரசு ஆவணங்களிலிருந்தே 'காலனி' என்ற சொல்லை எடுப்பதாக 2025ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். இவர்களுக்கு அது எட்டவில்லை போல.

தையல் டெஸ்டுக்கு மட்டும் கேட்ட காசைக் கொடுக்கலாம். எல்லோருக்கும் ஒரே தோல், ஒரே டிசைன், 20 நிமிஷம். தைத்தவர் முகம் பார்க்காமல், நம்பர் ஒட்டிய பீஸை மட்டும் அடுத்த அறையில் வைத்து, நானும் சூபர்வைசரும் தனித்தனியாக மார்க் போட்டோம். போட்டு முடிக்கும்வரை பேசக் கூடாது என்பது ஏஜென்சியின் கண்டிஷன். 9ஆம் நம்பர் பீஸில் வளைவு திரும்பும் இடத்தில்கூட தையல் விளிம்பை விட்டு நகரவில்லை. இரண்டு பேருமே அதற்குத்தான் அதிகம் போட்டிருந்தோம்.

வந்து நின்றவருக்கு 44 வயது, காது கேட்காது. எங்கள் கேட்டில் தொங்கும் போர்டில் '18 முதல் 35 வரை' என்றிருக்கும். எழுதச் சொன்னது நான்தான்.

ஆளைக் கொண்டுவந்து விட்டதோடு ஏஜென்சி வேலை முடிந்தது. பிரேக் மணி அவருக்குக் கேட்காதே, என்ன செய்வது என்று போன் போட்டால் பதிலே இல்லை. நாங்களே அவர் மிஷினுக்கு எதிரில் ஒரு சிவப்பு பல்பு மாட்டினோம், 350 ரூபாய். இப்போது மற்றவர்களும் மணியை விட்டுவிட்டு அதைத்தான் பார்க்கிறார்கள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். தீபாவளிக்குப் பிறகு இன்னும் 6 பேர் எடுக்க வேண்டும், இவர்களிடமே போவேன். தெருவையும் பள்ளியையும் அடித்துவிட்டு அனுப்பினால் 800, இல்லையென்றால் 500தான் என்று சொல்லியாயிற்று.